பைலட் ஆக டிகிரி வேண்டுமா?

கேள்வி: மொட்டை மாடியில் நின்று விமானம் பார்த்தே வளர்ந்தவன் என் மகன். பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. ஏவியேஷன் சேரப்போகிறேன் என்கிறான். படித்தால் பைலட் வேலை கிடைக்குமா?
— ஒரு வாசகி, பொழிச்சலூர்

பதில்: ஏர்போர்ட்டில் வேலை கிடைக்கலாம், அம்மா. காக்பிட்டில் என்றால் அந்தப் பட்டம் மட்டும் போதாது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, அதைத் தரும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. டிகிரியே கேட்பதில்லை. 18 வயது, பிளஸ் டூ, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, 70 மார்க்குக்குக் குறையாமல் தேறிய பரீட்சைகள், எல்லாவற்றுக்கும் மேல் 200 மணி நேரம் பறந்த கணக்கு. அதுதான் லட்சங்களை விழுங்கும். லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஏர்பஸ் 320 ஓட்ட ‘டைப் ரேட்டிங்’ என்று தனி மொய் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் ஏர்லைன் பைலட்டுக்கு 1,500 மணி நேரம். அங்கீகாரம் பெற்ற ஏவியேஷன் டிகிரி இருந்தால் 1,000 போதும். அந்தத் தள்ளுபடி நம் ஊரில் இல்லை. ரேபரேலி அருகே ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசு அகாடமி போல, பறக்கவும் கற்றுக்கொடுத்து பி.எஸ்சி.யும் தரும் இடமென்றால் சேர்க்கலாம்.

ஃபீஸ் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். உங்கள் ஊர் அகஸ்தீஸ்வரர் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள் தீபம் ஏற்றலாம், தப்பில்லை. ஆனால் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்ப்பவர் டாக்டர்தான்.

பிறகு கல்லூரிக்குப் போய், “உங்களிடம் எத்தனை விமானம் இருக்கிறது?” என்று கேளுங்கள். ஏ.சி. வகுப்பறையைக் காட்டினால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.