மஞ்சள் சுவர்

ஞாயிற்றுக்கிழமை, காபி டிகாக்ஷன் இறங்குவதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் மச்சான் ஒரு படத்தைப் போட்டான். "எந்த ஊர், சொல்லுங்க பாக்கலாம் மாமா!"

மஞ்சள் சுவர். மேலே வழியும் காகிதப்பூ. பழைய மரக்கதவு. சாய்த்து வைத்த சைக்கிள். புதுச்சேரியிலேயே பிறந்து புதுச்சேரியிலேயே தலை நரைத்தவனிடமா இந்தக் கேள்வி? "ரோமன் ரோலண்ட் வீதி. தபால் பெட்டி தாண்டி மூணாவது வீடு" என்று தட்டிவிட்டேன். தபால் பெட்டி என் சொந்தச் சரக்கு.

"ஹோய் ஆன், மாமா. வியட்நாம். 1999லயே யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்த ஊரு." கூடவே, கண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சிகள் ஐந்து. அவையும் மஞ்சள்.

கடலோர ஊரைப் படத்தில் கண்டுபிடிக்க மூன்றே வழிகள்தான். கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தச் சுவரை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை ஒப்படைத்தது 1954இல். வியட்நாமில் தோற்றதும் அதே வருஷம். கிளம்பும் அவசரத்தில் இரண்டு இடத்திலும் பெயின்ட் டப்பாவை மறந்துவிட்டார்கள் போல. அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தச் சுவர் முன்னால்தான் படம். சும்மா நிற்கவும் மாட்டார்கள். முதுகைக் காட்டி நடந்து, மூன்றாவது அடியில் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்ப வேண்டும். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். "முடி பறக்கல, இன்னொரு தடவை." மறுபடி நடை, மறுபடி திரும்பல். பால் பாக்கெட்டோடு நான் ஓரமாக நிற்கிறேன். பால் புளிக்கப் பார்க்கிறது. "அங்கிள், உங்க நிழல் விழுது." என் ஊரில் என் நிழலுக்கு இடமில்லை! சைக்கிளாவது ஓடுமா என்றால், பின் சக்கரத்தில் காற்றே இல்லை.

எங்கள் ஊர்ப் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வந்து படம் எடுத்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். அங்கே கீழ்த்தளம் திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ்வீடு. மாடி மட்டும் வளைவு சன்னல் வைத்த பிரெஞ்சு. வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டிய அந்தக் காலத்து மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அந்தத் திண்ணை முன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கத் திண்ணை இருந்தால்தானே? பாதிக்குக் கிரில் போட்டாயிற்று. எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான்.

"படத்தில கடல் இருந்தா விட்டிருப்பேனா? சூரியன் கடல்ல எழுந்தா கிழக்குக் கரை, விழுந்தா மேற்குக் கரை" என்றேன் மனைவியிடம்.

"வியட்நாமுக்கும் கிழக்கேதானே கடல்?"

மூன்று வழிகளில் அது முதலாவது. மற்ற இரண்டைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மச்சானைப் பழிவாங்கியே தீருவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினேன். 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் காந்தி சிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை எந்த வியட்நாமில் தேடுவான்? போனை எடுப்பதற்குள் ஒரு பெண் வழிமறித்தாள். "அங்கிள், இந்த இடம் எங்க இருக்கு?"

அவள் நீட்டிய போனில் காகிதப்பூ, மரக்கதவு, சைக்கிள். நான் உற்றுப் பார்க்கவில்லை.

"ரோமன் ரோலண்ட் வீதிம்மா. தபால் பெட்டி தாண்டி மூணாவது வீடு."