ஆறாம் வகுப்பு அப்பா

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆறாம் வகுப்பு அப்பாவை அடையாளம் காண்பது சுலபம். காலை ஏழு மணிக்கு மந்தைவெளி சிக்னலில், பின் ஸீட்டில் குழந்தையோ புத்தகப் பையோ எதுவும் இல்லாமல், ஒரு மஞ்சள் வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருப்பார். வேன் நின்றால் நிற்பார். கிளம்பினால் போனைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புவார். வேன் டிரைவருக்கு முதல் நாள் சந்தேகம், இரண்டாம் நாள் பயம். மூன்றாம் நாள் விஷயம் புரிந்துவிடும். “என்ன சார், அட்மிஷனா?” என்பார்.

மகள் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பில் அரைப்பரீட்சை எழுதியிருப்பாள். அவள் படிக்கிற தெருக்கோடிப் பள்ளி ஐந்தோடு முடிகிறது. அதற்கப்புறம் இரண்டு வழி. நடந்தே போகிற தூரத்தில் செட்டிநாடு வித்யாஷ்ரம், 1986இல் ஆரம்பித்தது, பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிற இடம். இல்லாவிட்டால் அண்ணா சாலையில் சர்ச் பார்க் கான்வென்ட், 1909இலிருந்து பெண்களுக்கென்றே நடப்பது. நடுவே இருப்பது ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் சென்னையில் தூரத்தை யார் கிலோமீட்டரில் அளக்கிறார்கள்? மெட்ரோவின் மாதவரம் – சிப்காட் தடத்துக்காக மயிலாப்பூர், மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை என்று வரிசையாகத் தோண்டியதிலிருந்து, நேற்று இருந்த யூ-டர்ன் இன்று தகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் இந்த ஸ்கூட்டர் ஒத்திகை.

அந்தப் பேட்டையின் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இருக்கிறார். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு மகளை ஏதோ ஒரு பள்ளியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியுமா?

வீட்டில் கட்சிகள் தெளிவாகப் பிரிந்திருக்கும். பாட்டி பெண்கள் பள்ளிக் கட்சி. தி.நகர் சாரதா வித்யாலயாவில் படித்தவர். “சிஸ்டர் சுப்புலட்சுமி பொண்களுக்குன்னு தனியாப் பள்ளிக்கூடம் வைக்கலேன்னா எங்கள்ல பாதிப் பேர் கையெழுத்துகூடப் போட்டிருக்க மாட்டோம்” என்பார். உண்மைதான். குழந்தை விதவையாக நின்ற சுப்புலட்சுமி 1911இல் பி.ஏ. முடித்து, அடுத்த ஆண்டே தன்னைப் போன்ற சிறுமிகளை வீட்டில் சேர்த்துப் படிக்கவைக்க ஆரம்பித்தவர். பிறகு அந்த இல்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. பாட்டி சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது என்று அப்பா நிமிர்ந்து உட்காருவார்.

மருமகள் கோ-எட் கட்சி. சமையலறையிலிருந்தே பதில் வரும். “அத்தை, அந்த சிஸ்டர் பி.ஏ. படிச்சது பையன்களோட பிரசிடென்சி காலேஜ்ல. அவங்களே 1956ல மயிலாப்பூர் லேடீஸ் கிளப்ல ஆரம்பிச்சு வச்ச ஸ்கூல்தான் இன்னிக்கு வித்யா மந்திர். அங்க பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்துதான் படிக்குது.” பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எழுபது வயதில் அந்த அம்மாள் கட்சி மாறிவிட்டதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. (கட்சி மாறவில்லை என்பதுதான் சரி. 1912இல் பெண்ணைப் பள்ளிக்கு வரவைக்க என்ன தேவையோ அதைச் செய்தார், 1956இல் தேவை வேறு. ஆனால் இதைக் கூடத்தில் நின்று சொல்ல யாருக்குத் தைரியம்?)

அப்பா ஆராய்ச்சியில் இறங்குவது இந்தக் கட்டத்தில்தான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் லாப்டாப்பைத் திறந்து தென்கொரியா போய்விடுவார். சியோலில் எந்த மாணவருக்கு எந்த உயர்நிலைப் பள்ளி என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிவந்தார்கள். அந்த வசதியை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வு, ஆண்கள் பள்ளியிலும் பெண்கள் பள்ளியிலும் விழுந்தவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கியதாகச் சொன்னது. அவருக்கு அன்று நல்ல தூக்கம். காலையில் காபியோடு மனைவி இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார். 2014இல் 21 நாடுகளின் 184 ஆய்வுகளை, சுமார் 16 லட்சம் மாணவர்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் இரண்டு வகைப் பள்ளிக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. “அது அமெரிக்காக்காரங்க எழுதினது. நமக்கு ஒத்து வராது” என்பார் அப்பா. கொரியா ஒத்து வரும். கொரியா ஆசியா.

இந்திரா நூயி பெயர் வராமல் இந்த வழக்கு முடியாது. தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படித்தவர், பெப்சிகோவின் தலைமைப் பதவி வரை போனவர் என்று அப்பா ஆரம்பிப்பார். அதற்கப்புறம் தாம்பரத்தில் பையன்களோடு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், கல்கத்தா ஐஐஎம் போனவர் என்று அம்மா முடிப்பார். தோழிகளோடு சேர்ந்து இசைக்குழுவில் கிடார் வாசித்தவர் என்று மகள் இடையில் புகுவாள். அந்தத் தகவலை இரண்டு கட்சியும் காதில் போட்டுக்கொள்ளாது.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சாயங்கால வாக்கிங்கில், பழைய பள்ளித் தோழன் ஒருவன் கூட வந்தால் மட்டும் லேசாகக் கசியும். ஆறாம் வகுப்பு அப்பா பன்னிரண்டு வருஷம் ஆண்கள் பள்ளியில் படித்தவர். பள்ளி விடுகிற நேரத்தில் எந்தக் கான்வென்ட் பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பது அவருக்கு இன்றும் மனப்பாடம். சைக்கிளில் செயின் கழன்ற மாதிரி குனிந்து நின்ற மாலைகள் எத்தனை! அந்தச் செயின் ஒரு நாளும் கழன்றதில்லை. “பசங்களைப் பத்தி உனக்குத் தெரியாது” என்று அவர் மனைவியிடம் சொல்லும்போது பசங்க என்பது பன்மையே அல்ல. அந்த அம்மா கோ-எட்டில் படித்தவர். அவர் பார்த்த பையன்கள் பென்சில் கடன் வாங்கித் திருப்பித் தராதவர்கள், சயின்ஸ் ரெக்கார்டை அவரிடம் வாங்கிக் காப்பி அடித்தவர்கள். அவர்களிடம் பயப்பட அவருக்கு எதுவுமில்லை.

1960களில் ஹன்சா மேத்தா தலைமையில் ஒரு குழு இந்த விஷயத்தைப் பார்த்தது. தொடக்கப் பள்ளிகளில் இருபாலாரும் சேர்ந்தே படிக்கட்டும், அதற்கு மேலே சேர்ந்தா தனியாகவா என்பதைப் பள்ளி நிர்வாகங்களும் பெற்றோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு அந்த அம்மையார் பெற்றோரிடம் விட்டதைத்தான் இவர் இன்றைக்கு ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்.

கடைசியில் ஜெயிப்பது அப்பாதான். காரணம் கொரியாவும் இல்லை, நூயியும் இல்லை. சர்ச் பார்க்கில் ஜெயலலிதா படித்தார் என்று மாடி வீட்டு மாமி ஒரு வார்த்தை போட, பாட்டி கையைத் தட்டி முடித்துவிட்டார்.

பஸ்ஸில் அனுப்பலாமே என்று யாராவது கேட்டால் அவர் சிரிப்பார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் பஸ் கோ-எட். ஆகவே வேன். முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு வேன் வந்து நிற்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே நான்கு பையன்கள். ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள் தொங்குகின்றன, ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்து காலையிலேயே எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருக்கிறான். “இது கேர்ள்ஸ் ஸ்கூல் வேன்தானே?” என்று அப்பா பதறுகிறார். டிரைவர் அண்ணனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. “சார், ஒரு ஸ்கூலுக்கு மட்டும் ஓட்டினா டீசல் கட்டுமா? மூணு ஸ்கூல் டிரிப் இது. தம்பிங்களை வழியில எறக்கிட்டு அப்புறம்தான் கான்வென்ட். பாப்பா, நீ முன்னாடி ஏறு.” பாப்பா முன்னால் ஏறவில்லை. வேர்க்கடலைப் பையனுக்குப் பக்கத்து ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டாள்.

எட்டாம் வகுப்பில் கணக்கு உதைக்க ஆரம்பிக்கும். டியூஷன் மாஸ்டர் அடுத்த தெருவில் மாடியில் இருக்கிறார். ஆறிலிருந்து எட்டு வரை, கீழே பாய், மேலே ஒரு ஃபேன், இருபது பிள்ளைகள். அதில் பாதிப் பேர் பக்கத்துக் கோ-எட் பள்ளிப் பையன்கள், எஞ்சியவர்களில் பெரும்பாலோர் சாந்தோம் பக்கத்து ஆண்கள் பள்ளிகளிலிருந்து வருபவர்கள். ஆக, காலையில் ஒரு மணி நேரம் போக்குவரத்தில் அலைந்து எவர்களைத் தவிர்த்தாளோ, சாயங்காலம் இரண்டு நிமிஷம் நடந்து அவர்களோடு அல்ஜீப்ரா போடுகிறாள். அப்பா கீழே வேப்பமரத்தடியில் மற்ற அப்பாக்களோடு நின்றுகொண்டு, “மாஸ்டர் ரொம்ப ஸ்ட்ரிக்ட், அதான் முக்கியம்” என்பார். சென்னையில் பெண்கள் பள்ளி உண்டு, பெண்கள் கல்லூரி உண்டு. பெண்கள் டியூஷன் என்று போர்டு மாட்டினால் முதலில் எதிர்ப்பவர் இவராகத்தான் இருப்பார். பையன்களோடு போட்டி போட்டால்தானே ரேங்க் வரும்!

ரேங்க் என்றதும் கதை ஐஐடிக்குப் போய்விடுகிறது. ஐஐடிகளில் பெண்கள் மிகக் குறைவாக இருக்கிறார்கள் என்று 2018இல் அவர்களுக்காகக் கூடுதல் இடங்களை உண்டாக்கினார்கள். முதலில் 14 சதவீதம், அடுத்த ஆண்டு 17, 2020இல் 20 என்பது இலக்கு. ஐந்தில் நான்கு பேர் பையன்கள் என்றுதானே இதற்கு அர்த்தம்? ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது நான்கு பையன்களைக் கண்டு பதறியவருக்கு இந்தக் கணக்கைப் பார்த்துச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது சதவீதம் என்றால் சீட் கிடைக்கிற வாய்ப்பு கூடுகிறதல்லவா?

ஒரே ஒரு கவலைதான் இப்போது. போன ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வாசலில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “ஹாஸ்டல்ல தங்கியே ஆகணுமா சார்? நம்ம வீட்டுலேருந்து மெயின் கேட் அஞ்சு கிலோமீட்டர்தான். வேன் ஏதாவது ஓடுதா?”