1200 மடங்கு வள்ளல்

பழைய மைக்ராஸ்கோப் விற்கும் கடைக்காரரைப் பாராட்டி யாரும் எழுதி நான் படித்ததில்லை. நகைக்கடைக்காரரைப் புகழ நடிகர்கள் இருக்கிறார்கள். பழைய புத்தகக் கடைக்காரரை நினைத்து உருகுவதற்கு எழுத்தாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மூடப்பட்ட ரத்தப் பரிசோதனை நிலையங்களிலும், ஆய்வகத்தைப் 'புதுப்பித்த' கல்லூரிகளிலும் கிடைத்ததை மொத்தமாக அள்ளிவந்து, கோயில் குளத்துத் தண்ணீரில் என்னதான் நீந்துகிறது என்று பார்க்க ஆசைப்படும் ஜீவன்களுக்குக் கைமாற்றிவிடும் இந்த மனிதருக்கு மட்டும் ஒரு பொன்னாடைகூட இல்லை. இது நியாயமில்லை.

அவருடைய தலையாய குணம் தாராளம். கடைக்குள் காலெடுத்து வைத்ததுமே, "ஆயிரத்து இருநூறு மடங்கு காட்டும் சார்" என்பார். எதைக் காட்டும் என்று திருப்பிக் கேட்பது பண்பல்ல. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தன் கையால் செய்த ஒற்றை லென்ஸை வைத்துக்கொண்டு 1670களில் ஏரித் தண்ணீரில் இருந்த நுண்ணுயிர்களைப் பார்த்தார். 1683இல் தன் பல் இடுக்கு அழுக்கில் பாக்டீரியாக்களையும் பார்த்து எழுதினார். அவர் செய்த கருவிகளில் இன்று எஞ்சியவற்றுள் புகழ்பெற்ற ஒன்று உட்ரெக்ட்டில் இருக்கிறது. அது சுமார் 270 மடங்குதான் பெருக்கும். பாவம், அவருக்கு நம் கடைக்காரரின் அறிமுகம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸை மாற்றிச் செருகி, கண் மூடித் திறப்பதற்குள் மீதி 930 மடங்கையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்.

எப்படிச் சேர்ப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதில்தான் அவர் கைத்திறன் இருக்கிறது. ஸ்லைடுக்கு அருகே இருக்கும் ஆப்ஜெக்டிவ் லென்ஸின் பக்கவாட்டில் 40/0.65 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் பெருக்கம். இரண்டாவது, நியூமரிக்கல் அப்பர்ச்சர் என்கிறார்கள், அந்த லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்ளே வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண். நுணுக்கம் தெரிவது இந்த இரண்டாவது எண்ணால். அதை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் பயனுள்ள பெருக்கத்தின் உச்சவரம்பு, 0.65க்கு 650. அதற்குமேல் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக ஒரு கோடும் தெரியாது. எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானியர் 1873இல், எந்த லென்ஸும் ஓரளவுக்குமேல் நுணுக்கம் காட்டாது, ஒளியின் இயல்பு அப்படி என்று எழுதிவைத்துவிட்டார். வரம்பு போடுபவர்களுக்குக் கட்டுப்படும் ஆள் அல்ல நம் கடைக்காரர். 10 மடங்கு ஐபீஸைக் கழற்றிவிட்டு 25 மடங்கு ஐபீஸைச் செருகுவார். 400 அந்த நொடியில் 1000 ஆகிவிடும். பரமீசியம் பெரிதாகும், அதன் மங்கலும் அதே அளவுக்குப் பெரிதாகும். கொடுப்பதில் பாரபட்சம் பார்க்காத கை அது. போதாக்குறைக்கு, பார்ப்பவரின் சொந்தக் கண்ணுக்குள் மிதக்கும் நூலும் புள்ளியும்கூடத் தெளிவாகத் தெரியும். வேறு எந்தக் கடையில் மைக்ராஸ்கோப் வாங்கப் போனால் கண் பரிசோதனையும் நடக்கிறது?

அடுத்து அழகுணர்ச்சி. வந்த சரக்கு எதையும் அவர் வந்த கோலத்தில் விற்பதில்லை. இரும்பு உடம்புக்குப் புதுப் பெயின்ட், பித்தளைக்குப் பாலிஷ், மரப்பெட்டிக்கு வார்னிஷ். லென்ஸுக்கு மட்டும் வேறு உபசாரம்: ஊதிவிட்டு, சட்டை நுனியால் அழுத்தித் துடைப்பார். மேல்பூச்சில் மெல்லிய வட்டக் கோடுகள் விழும்வரை ஓயமாட்டார். "காலேஜ்ல இருந்தது சார், பசங்க தொட்டதே இல்ல" என்று அவர் சொன்னால் அதை முழுதாக நம்பலாம். அவருக்கு முன்பே அந்தக் கல்லூரி இந்தக் கருவியை எப்படிப் போற்றியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பூட்டிய பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறைக்குள், வெளிச்சமும் காற்றும் படாமல் இருபது வருஷம். மாணவர்களின் கண் அதன்மேல் பட்டதேயில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் மட்டும் தூரத்திலிருந்து தரிசித்திருக்கிறார்கள். போர்க்களமே காணாமல் பளபளத்த தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து அவ்வை ஏன் அப்படி வியந்தாள் என்பது எனக்கு இந்த மாதிரி மைக்ராஸ்கோப்களைப் பார்த்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

அந்த இருபது வருஷம் வீண்போகவில்லை. சென்னை மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில், இருட்டில் மூடிக்கிடக்கும் லென்ஸின்மேல் பூஞ்சை வளரும். ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், சிலந்தி நூல்போலக் கிளைத்துக் கிளைத்துப் போவது தெரியும். அது விடும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடுவதால், துடைத்த பிறகும் அதன் தடம் போகாது. இயற்கையை ஆராய வந்தவருக்கு உயிருள்ள முதல் மாதிரியைக் கருவிக்குள்ளேயே வளர்த்துக் கொடுக்கிறார். அதற்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை. சில ஆப்ஜெக்டிவ்களில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போய், ஓரத்தில் மயில் கழுத்து நிறங்கள் தெரியும். "மல்டி கோட்டிங் சார்" என்று அதற்கும் ஒரு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்த சரக்கென்றால் கதை வேறு. அங்கே தினமும் நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள். 100 மடங்கு ஆப்ஜெக்டிவுக்கு எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். அவசரத்தில் 40ஐச் சுழற்றி அதே எண்ணெய்க்குள் இறக்குவார்கள். எண்ணெய்க்காகச் செய்யப்படாத அந்த 40 மடங்கு லென்ஸின் முனையில் எண்ணெய் காய்ந்து இறுகிக்கிடக்கும். ஐபீஸைத் திருப்பிப் பிடித்தால் அதுவே ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. அதன் வழியாக லென்ஸ் முனையைப் பார்த்தால் காய்ந்த எண்ணெயும் கீறலும் தெரிந்துவிடும். கடையில் நின்று அப்படிப் பார்ப்பவர்களைக் கடைக்காரர் கண்டிக்கமாட்டார். டீ வரவழைத்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆப்ஜெக்டிவ் ஒன்று குறைந்தால் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்புகிறவரும் அல்ல. லண்டனில் இருந்த மைக்ராஸ்கோப் சங்கத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே திருகு மரைக்கு ஒரு பொது அளவு வைத்துவிட்டதால், பழைய ஆப்ஜெக்டிவ்களில் பெரும்பாலானவை எந்த உடம்பிலும் ஏறும். இவர் கைபட்ட கருவியில் நான்கு ஊர் லென்ஸ்கள் ஒரே சுழல்தட்டில் சமத்துவபுரம்போலக் குடியிருக்கும். ஒன்றில் 160/0.17 என்று எழுதியிருக்கும்: 160 மில்லிமீட்டர் குழாய்க்கும் 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் ஸ்லிப்புக்கும் செய்தது என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் முடிவிலிக் குறி போட்டிருக்கும். அது வேறு வகைக் கருவிக்குச் செய்தது, இதில் ஒழுங்காகப் படம் தராது. 10இலிருந்து 40க்குத் திருப்பினால் குவியம் எங்கோ போயிருக்கும், லென்ஸ் ஸ்லைடில் இடிக்கும். மரை ஏறிய பிறகு இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது குறுகிய மனம் அல்லவா?

பணிவு என்றால் அவர் கடை மேடைதான். ஸ்லைடு வைக்கும் மேடையைச் சொல்கிறேன். குவியம் சரியாக வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால், யாரும் சொல்லாமலே தானாகத் தாழ்ந்துபோயிருக்கும். மேடைக்குக் கீழே கண்டென்சர் இருக்க வேண்டிய இடம் சில சமயம் காலியாக இருக்கும். "வெயிட் கம்மி சார், தூக்கிட்டுப் போக ஈஸி." லென்ஸ் வாங்கும் ஒளிக்கூம்பை நிரப்பித் தருவது கண்டென்சர். அது இல்லையென்றால் 0.65 என்று பொறித்த லென்ஸும் அந்த எண்ணுக்குரிய வேலையைச் செய்யாது. அதிலிருக்கும் டயாப்ரத்தைச் சற்று மூடினால்தான் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அமீபாவின் விளிம்பு தென்படும். இல்லாவிட்டால் வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். மனதுக்கு அமைதியான காட்சி.

உடம்பில் 'ஜெர்மன் லென்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அடித்தட்டைத் திருப்பினால் அம்பாலா என்றிருக்கும். அம்பாலாவில் செய்தது என்று நேராகச் சொன்னாலே நான் சந்தோஷமாக வாங்குவேன். நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உழைத்துக்கொண்டிருக்கும் பல கருவிகள் அந்த ஊரில் செய்தவைதான், விலைக்கு மோசமில்லை. ஆனால் வாடிக்கையாளரை ஜெர்மனிக்குக் குறைந்த இடத்தில் நிறுத்த அவருக்கு மனசு வராது.

செய்துகாட்டுவதிலும் குறைவைக்கமாட்டார். சிவப்புச் சாயம் ஏற்றிய வெங்காயத் தோல் ஸ்லைடு ஒன்று மேசை டிராயரிலேயே இருக்கும். வெங்காய செல்லின் சுவரைக் காட்டாத மைக்ராஸ்கோப்பை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில விடாக்கண்டர்கள் ஒரு குப்பியில் குளத்துத் தண்ணீரோடு வருகிறார்கள். இன்னும் சிலர் டயாட்டம் பாசியின் ஓட்டை ஸ்லைடாக்கிக் கொண்டுவந்து, அரை மைக்ரான் இடைவெளியிலுள்ள அதன் வரிகள் 40இல் பிரிந்து தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அவர்களிடமும் அவர் முகம் சுளிப்பதில்லை. "கரன்ட் இல்ல சார், சாயங்காலம் வாங்க." மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

இத்தனை சிறப்புகளுக்கும் நடுவில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. கடையின் மூலையில், பழுதான தராசுக்குப் பின்னால், இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் ஒன்று கிடக்கும். 20 மடங்கோ 40 மடங்கோதான். லென்ஸுக்கும் மேடைக்கும் நடுவே தாராளமாக இடம் இருப்பதால் முழு வண்டையும், பூவையும், பாசி படிந்த கல்லையும் அப்படியே வைக்கலாம். சீவ வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம். எறும்பின் தாடை, பட்டாம்பூச்சி இறக்கையின் செதில் அடுக்கு, மகரந்தம் ஒட்டிய தேனீயின் கால் எல்லாம் நிமிர்ந்த படமாக, ஆழத்தோடு தெரியும். ஹைட்ரா உணர்கொம்புகளை நீட்டி இரை பிடிப்பதைத் தட்டிலேயே பார்க்கலாம். பொழுதுபோக்காக இயற்கையைப் பார்ப்பவருக்கு முதலில் வேண்டியது இதுதான். அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். "அது எதுக்கு சார், வெறும் இருபதுதான்" என்று கூச்சத்தோடு விலையில் பாதியைக் குறைத்துவிடுவார். போனால் போகிறதென்று மீதியிலும் கொஞ்சம் குறைப்பார். 1200 மடங்கு வாங்க வக்கில்லாத மனிதர் என்ற இரக்கத்தில், பழைய செய்தித்தாளில் தானே சுற்றி, சணல் போட்டுக் கட்டியும் கொடுப்பார்.