பேர்ல மட்டும் சிடி

வாடா பேராண்டி, குந்து. கையில இன்னா, மறுபடியும் தட்டா? உங்கம்மா சோத்துத் தட்டையே ஒளிச்சு வெச்சிருக்கா, அதையும் நீ சுத்த வுட்டுருவேன்னு.

டிஜே மிக்ஸுன்ற. சரி. ஒரு பாட்டோட வாலும் அடுத்த பாட்டோட தலையும் ஒட்டு தெரியாம சேர்ந்து, ஒரு மணி நேரம் நிக்காம ஓடணும், அதானே? எல்பி தட்டுல பக்கத்துக்கு 20, 22 நிமிஷம். அதுக்கு மேல திணிச்சா வரி நெருங்கி சத்தம் கம்மியாயிடும், அடிமேளம் செத்துடும். நீ எழுந்து தட்டத் திருப்புற வரைக்கும் ஆடறவன் தூக்கின கால எங்கடா வெப்பான்? சிடி 74 நிமிஷம், பிற்பாடு 80. அதனாலதான் நெறைய கம்பெனிக்காரன் மிக்ஸ சிடியில போட்டான், தட்டுல பாட்டுங்கள தனித்தனியா வுட்டான். சிடி கேக்கறவனுக்கு, தட்டு ஓட்டறவனுக்கு. நீ ரெண்டுலயும் சேர்த்தி இல்ல, அட்டையப் புடிச்சி போட்டோ எடுக்கறவன்.

எங்க காலத்து டிஜே மைக் செட்டுக்காரர்தான். கல்யாண வூட்டு வாசல்ல குழா கட்டி, மொதல்ல சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு. 78 சுத்துத் தட்டு மூணு, மூணரை நிமிஷத்துல முடிஞ்சுடும். முள்ள வெச்சுட்டு பந்தியில குந்த முடியுமா? அப்பளம் வர்றதுக்குள்ள ஓடணும். அப்புறம் ரெக்கார்டிங் சென்டர் வந்துச்சி. லிஸ்ட் எழுதிக் குடுத்தா 60 நிமிஷ கேசட்டுல பதிஞ்சு தருவாங்க. பக்கம் முடியறப்போ கடைசிப் பாட்டு சரணத்துக்கு நடுவுல டொக்குன்னு நிக்கும். அந்தப் பாட்ட ரேடியோவுல முழுசா கேட்டாக்கூட, அந்த எடத்துல என் காது நின்னுடுது.

தட்ட ஓட்டற மிஷினுக்கு மட்டும் கும்புடு போடுவேன். இதே பாடியில, லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியில மோட்டாரு பாத்த கண்ணுடா இது. 1972ல டெக்னிக்ஸ் எஸ்எல்-1200னு ஜப்பான்காரன் வுட்டான். பெல்ட்டே கெடையாது, மோட்டாரு நேரா தட்டச் சுத்தும். தேயறதுக்கும் நழுவறதுக்கும் ஒண்ணுமில்ல. மேல விரல வெச்சு ரெக்கார்ட நிறுத்து, நடுவுல துணி இருக்கறதால கீழ சக்கரம் அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும். விரல எடுத்தா சட்டுனு வேகம் புடிக்கும். 2010ல நிறுத்தினான். உன்ன மாதிரி ஆளுங்க அழுததுல 2016ல திரும்பக் கொண்டாந்தான், வெலய ஏத்தி.

பயோனியர்காரன் 2001ல சிடியையும் கையால தேய்க்கிற மாதிரி சிடிஜே-1000 கொண்டாந்தான். அப்புறம் 2020ல வந்த சிடிஜே-3000ல சிடி போட ஓட்டையே இல்ல, பென் டிரைவ்தான். நம்ம முகப்பேர் ஏரி ஸ்கீம்ல பேர்ல மட்டும் ஏரி இருக்கற மாதிரி. தாளத்தக்கூட ஒரு பட்டன் சேர்த்து வெச்சுடுதாம். காது எதுக்குன்னு கேட்டா ஹெட்போன் மாட்டன்னுவ.

கேக்கணும்னா சிடி வாங்கு. கடையில போட்ட சிடியா பாரு, வூட்ல எரிச்சது சீக்கிரம் மக்கர் பண்ணும். ஓட்டணும்னா தட்டு வாங்கு, மிஷினும் ரெண்டு வேணும். மே மாச வெயில்ல தட்ட மொட்டமாடி ரூம்ல சாச்சி வெக்காத, அப்பளமா வளைஞ்சிடும். அப்படியே ஆடி மாசம் கூழ் ஊத்தற அன்னிக்கு, அந்த ஸ்பீக்கர் மூஞ்ச எங்க வூட்டுப் பக்கம் திருப்பாதடா கண்ணு.