கழுத்தணியால் கெட்ட பெயர்

தூரத்தில் பளபளக்கும், பக்கத்தில் போனால் பல்லை இளிக்கும். அந்த மாதிரி மட்டமான மினுக்கலுக்கு ஆங்கிலத்தில் 'டாட்ரி' என்று ஒரு பெயரடை. கடைசியில் பார்த்தால் அது ஒரு புனிதவதியின் பெயர்.

ஏழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் பெயர் அன்னா. (ஆண்தான், சந்தேகம் வேண்டாம்.) அவர் மகள் எத்தெல்த்ரித். வாய் சுளுக்கிய பிற்காலத்தார் அதை ஆட்ரி ஆக்கினார்கள். கன்னியாகவே இருப்பேன் என்று நின்றவளுக்கு இரண்டு கல்யாணம் நடந்தது. முதல் கணவர் தொந்தரவு தராமல் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். இரண்டாமவர் நார்தம்பிரியாவின் எக்ஃப்ரித். பன்னிரண்டு வருஷக் குடித்தனம், தொடக்கூட விடவில்லை. வெறுத்துப்போன ராஜா, அவள் மனசை மாற்றினால் நிலமும் பணமும் தருவதாக பிஷப் வில்ஃப்ரிடிடம் பேரம் பேசினார். பிஷப்பே இதைத் தன்னிடம் சொன்னதாக பீட் துறவி எழுதி வைத்திருக்கிறார்.

ராணி கன்னியாஸ்திரி முக்காடு போட்டுக்கொண்டாள். பிறகு ஈலியில் தானே ஒரு மடம் கட்டினாள். விலாங்குமீனால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் சதுப்பு, மாப்பிள்ளைகள் லேசில் வர முடியாது. கம்பளி உடுப்பு, ஒருவேளைச் சாப்பாடு. வெந்நீர்க் குளியல் பெரும்பாலும் பெரிய பண்டிகைகளுக்கு முன்னால்தான், அதுவும் மற்ற கன்னியர் எல்லாரும் குளித்த பிறகு. (பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்களுக்கும் ஒரு புனிதர் பட்டம் கொடுத்திருக்கலாம்.)

679-ல் கழுத்தில் சிவந்த கட்டி. இளவயதில் வீணுக்குச் சுமந்த மாலைகளுக்கு இதுதான் தண்டனை என்று சந்தோஷப்பட்டாளாம். வைத்தியர் கினிஃப்ரித் கீறிவிட்டார். மூன்றாம் நாள் உயிர் போயிற்று. பதினாறு வருஷம் கழித்துத் தோண்டினால் உடம்பு அழுகவே இல்லை. கீறின இடம்கூட ஆறி, லேசான வடுதான் இருந்தது என்று அதே வைத்தியர் சாட்சி சொன்னார். ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட் என்பதற்கு வரலாற்றிலேயே இவ்வளவு பழைய சான்று கிடைப்பது அரிது.

இப்படிப்பட்டவளுக்கு ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? அக்டோபர் 17-ல் திருவிழா எடுத்து, கடை போட்டு, அவள் பெயரிலேயே கழுத்தில் கட்டும் பட்டு நாடா விற்றார்கள்! செயின்ட் ஆட்ரி நாடா. வேகமாகக் கூவினால் 'ட்' மேல் 'ஆ' ஏறி செயின்டாட்ரி. தலையை வெட்டினால் டாட்ரி. நம் தமிழ் வாத்தியார்கூடப் புணர்ச்சி சரி என்று மார்க் போட்டுவிடுவார். ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் மாப்சா என்ற கிராமத்துப் பெண், வாங்கித் தருவதாகச் சொன்ன டாட்ரி நாடா எங்கே என்று காதலனை நச்சரிக்கிறாள். சரக்கின் தரம் இறங்க இறங்கப் பெயரும் இறங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டில் நாடா கழன்றுபோய், வெறும் பகட்டு எதுவானாலும் டாட்ரி என்றானது.

இப்போது துணிமணியோடும் நிற்கவில்லை. மந்திரி யாராவது ஓட்டல் அறையில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால், லண்டன் பத்திரிகைகள் அதை 'டாட்ரி அஃபேர்' என்று எழுதும். இரண்டு புருஷனுக்கும் டிமிக்கி கொடுத்த மகராசியின் பெயரில்!