சுவத்துக்கு என்ன கல்யாணமா?

ஏலே மக்கா, புது லென்சு வாங்கிட்டியாமுல்லா? 50 எம்.எம்., எஃப் 1.8. நல்ல சாமான்தான். அதுக்கு ஏம்ல காலையிலருந்து செங்கச் சுவரையே புடிச்சிக்கிட்டு நிக்க? சுவத்துக்கு என்ன சடங்கா, கல்யாணமா?

கம்ப்யூட்டர்ல 200 சதவீதம் பெருசாக்கி, மூலையில கல்லு மங்குதுன்னு மூஞ்சியத் தொங்கப் போடுத. லென்சு ஓட்டைய முழுசாத் தொறந்து வச்சா மூலை கொஞ்சம் மங்கத்தாம்ல செய்யும். 5.6, 8-ன்னு சுருக்கிப் பாரு, தெளிஞ்சிரும். அதுக்காவ 22 வரைக்கும் இறுக்கிராத. ஓட்டை ரொம்பச் சிறுத்தா வெளிச்சம் பரந்து திரும்பவும் மங்கும். அது லென்சு குத்தமில்ல, ஒளியோட கொணம்.

மாடு வாங்குனா பல்லப் பாக்கணும், வால்முடிய எண்ணப்படாது. லென்சுக்குப் பல்லு எதுங்க? நாலு மூலையும் ஒண்ணுபோல இருக்கான்னு பாக்கதுதான். கேமராவ டிரைபாட்ல மாட்டு. ஸ்டெபிலைசர அமத்து. 2 நொடி டைமர் போட்டுட்டுக் கைய எடு. தூரத்துல தெரியுத செல்போன் டவர ஒவ்வொரு மூலையிலயும் வச்சு, அங்கனயே போகஸ் பண்ணி, ஒவ்வொரு படம் எடு. நாலும் ஒண்ணுபோல மங்குனா கவலப்படாத. ஒரு மூலை மட்டும் ரொம்ப மங்குனா உள்ள கண்ணாடி கோணிருக்கு. கெடு முடியுததுக்குள்ள கடைக்காரன்ட்ட திருப்பிக் குடு. இதையும் வெள்ளனயே முடிச்சிரு. வெயில் ஏறுனா கானல் ஆடும். அந்தப் பழியையும் லென்சு மேல போட்டுருவ.

அது சரி, ஆயிரக்கணக்குல துட்டக் கொட்டிட்டு, அது மூஞ்சியில நூறு ரூவா பில்டரத் திருகி வச்சிருக்கியே, இது என்ன புத்தி? கழத்திட்டுச் சோதிடா கோட்டிப் பயலே!

1944 ஜூன் 6-ல, நார்மண்டிக் கடக்கரையில, போர்ப் படக்காரரு ராபர்ட் காப்பா குண்டுக்கு நடுவுல எடுத்த படமெல்லாம் ஆடித்தான் கெடக்கு. 1947-ல எழுதுன புத்தகத்துக்கு ‘ஸ்லைட்லி அவுட் ஆஃப் ஃபோகஸ்’னே பேரு வச்சிட்டாரு மனுசன். ஒலகம் இன்னும் அந்தப் படத்தப் பாக்குது. எவனாவது மூலையப் பெருசாக்கிப் பாத்தானா?

இன்னும் சந்தேகம் தீரலையா? உங்க ஆச்சிய சன்னல் வெளிச்சத்துல ஒக்கார வச்சு ஒரு படம் எடு. ‘ஏம்ல, என் மூஞ்சியில இம்புட்டுச் சுருக்கமா’ன்னு அவ வெளக்கமாத்தத் தூக்குனா, லென்சு பாஸு. ஓடிரு!