வாஷிங் மெஷினின் இருதிசைக் கொள்கை: ஒரு பின்கட்டு ஆய்வு

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஏன் கொஞ்ச நேரம் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் சுற்றுகிறது என்ற கேள்விக்குத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் முகங்கொடுக்கவில்லை. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். அதே தகடூர் மண்ணில் வேட்டியும் சேலையும் கட்டிப் புரண்டு கயிறாகத் திரியும் அவலத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடக் கிடையாது. அந்தக் குறையை இக்கட்டுரை தீர்க்கிறது.

ஆய்வு எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த பெரிய தர்மபுரி மாவட்டம் அல்ல. 2004இல் கிருஷ்ணகிரி தனியாகப் போன பிறகு மிஞ்சிய மாவட்டம். அதிலும் மெஷின் வைக்கப் பின்கட்டும், அதில் ஊற்றத் தண்ணீரும் உள்ள வீடுகள். தண்ணீர் என்றாலும் போர்வெல் தண்ணீர், உப்பு. அதிலிருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்பை நுரைக்க விடுவதில்லை. ஆகவே டைமரை 15 நிமிடத்துக்கு வைத்து, அது முடிந்ததும் இன்னொரு 15க்குத் திருகுவது இவ்வட்டார மரபு.

முந்தைய ஆய்வாளர்களில் முதன்மையானவர் எங்கள் ஆயா. "கல்லுல அடிச்சா துணி சிக்குமா? முறுக்கிப் பிழிஞ்சவங்க உதறித்தான் காயப்போடுவாங்க" என்பது அவர் கோட்பாடு. மெஷின் மறுபக்கம் சுற்றுவதன் தத்துவம் முழுக்க இந்த ஒரு உதறலில் அடங்கியிருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டியின் அடியிலுள்ள தட்டு ஒரே பக்கம் சுழன்றால், ஒகேனக்கலில் பரிசல்காரர் சுற்றிவிட்ட பரிசலில் உட்கார்ந்தவர்கள் போலத் துணிகளும் ஒரே போக்கில் போய்ச் சுருண்டுகொள்ளும். சட்டைக்கை ஒன்று பாவாடை நாடாவைப் பிடித்துவிட்டால் அப்புறம் எல்லாம் ஒரே முடிச்சுதான்.

மாற்றுக் கட்சி ஒன்று உண்டு. மோட்டாரைத் திருப்ப வேண்டியதே இல்லை என்பது அதன் வாதம். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்சி, கிரைண்டருடன் வந்த டேபிள் ஃபேனைச் சான்று காட்டுவார்கள். அதன் மோட்டார் ஒரே பக்கந்தான் ஓடுகிறது. பின்னால் இருக்கும் பல்சக்கரமும் கிராங்கும் தலையை இருபுறமும் ஆட்டுகின்றன. வாதம் வலுவானது. ஆனால் ஃபேன் காற்றைத்தான் தள்ளுகிறது, ஊறிய ஜமுக்காளத்தை அல்ல.

இனி மின்சாரம். பிளக்கில் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிவிட்டால் மோட்டார் திரும்பிவிடும் என்று நம்புவோர் படித்தவர்களிலேயே அதிகம். பாலக்கோட்டு மெக்கானிக் ஒருவர் இதை இரண்டே வரியில் முடித்தார்: "மாத்துனா ஒண்ணும் ஆவாதுங்க. ரெண்டு காயிலும் சேந்தே தலைகீழா மாறுது, அப்புறம் எப்பிடிங்க திரும்பும்?" 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தானாகவே நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது, மோட்டார் அதைச் சட்டை செய்வதில்லை. டெஸ்லா 1888 மே மாதம் காப்புரிமை வாங்கிய சுழல்காந்தப் புலத்துக்குத் தேவை, ஒரு காயிலின் மின்சாரம் இன்னொன்றைவிட முந்தி வருவது. வாஷ் மோட்டாரில் ஒரே மாதிரி இரண்டு காயில்கள், வெளியே மூன்று ஒயர்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே கப்பாசிட்டர். முதல் முனையில் சப்ளை கொடுத்தால் இரண்டாவது காயில் கப்பாசிட்டர் வழியே முந்திக்கொள்ளும். இரண்டாவது முனையில் கொடுத்தால் முதலாவது முந்தும், மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடும். அவ்வளவுதான் ரகசியம்.

கப்பாசிட்டர் போய்விட்ட மோட்டாருக்குக் கொள்கை கிடையாது. உறுமிக்கொண்டே நிற்கும், யார் எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்களோ அந்தப் பக்கம் ஓடும். இதற்கு அரசியலில் உதாரணம் தேடுவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆனால் திருப்புவதில் பெரிய சாமர்த்தியம் இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கிறது. வேகம் அடங்குவதற்குள் எதிர்த்திசையில் சப்ளை போனால் காயிலில் கரண்ட் எகிறும், பெல்ட் வழுக்கும், டைமரின் பாயின்ட்டில் பொறி பறந்து கரிப்பிடிக்கும். கரிப்பிடித்த டைமர் ஒரு பக்கம் மட்டுமே ஓட்டும். மேற்படி முடிச்சுக்குத் திரும்பிவிடுவோம்.

பழைய டைமர் ஸ்பிரிங் சாவி. உள்ளே மேடுபள்ளமான சக்கரங்கள் சுழன்று பாயின்ட்டுகளை ஏற்றி இறக்கும். இதில் ஒரு வினோதம்: கரண்ட் போனாலும் ஸ்பிரிங் நிற்காது. துணி சோப்புத் தண்ணீரில் சும்மா கிடக்கும், டைமர் கடமை தவறாமல் டிக்டிக்கென்று 15 நிமிடத்தையும் முடித்து மணியடிக்கும். வேலை நடந்ததோ இல்லையோ, நேரம் முடிந்தது. இப்படிப்பட்ட ஊழியரை எல்லோருக்கும் தெரியும்.

அந்த டைமர் போய்விட்டால் மாற்றுச் சர்க்யூட் ஒன்றைக் கட்டலாம். 555 ஐசி மூன்று நொடிக்கு ஒரு துடிப்பு தரும். அதை எண்ண சிடி4017. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துப் படி. 1, 2, 3 ஆகியவற்றையும் 6, 7, 8 ஆகியவற்றையும் டயோடுகள் வழியே சேர்த்து ஒரு டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தால், அது முதல் ரிலேவை இழுத்து மோட்டாருக்குச் சப்ளை தரும். 4, 5, 9, 0 ஓய்வு. எந்த முனைக்குச் சப்ளை என்று தீர்மானிக்கும் இரண்டாவது ரிலேவுக்கு 12ஆம் பின் போதும். அது 0 முதல் 4 வரை உயர்ந்தும் 5 முதல் 9 வரை தாழ்ந்தும் இருக்கும். அழகைக் கவனியுங்கள்: திசை மாறுவது 4க்கும் 5க்கும் இடையில், 9க்கும் 0க்கும் இடையில். இரண்டுமே ஓய்வின் நட்டநடு. கரண்ட் ஓடும்போது திசை ரிலே அசையவே அசையாது, பொறிக்கும் வேலையில்லை. ஒன்பது நொடி ஓட்டம், ஆறு நொடி ஓய்வு, மறுபக்கம் ஒன்பது, மறுபடி ஆறு. கரண்ட் போனால் இதுவும் நிற்கும், அது நேர்மை. மெயின் லைன் ஓடும் இடம் என்பதால் ஈரக்கையோடு இதற்குள் ஆய்வு செய்ய வேண்டாம்.

பின்கட்டில் இதன் வரவேற்பு கலவையானது. டிக்டிக் சத்தம் இல்லாததால், ஆறு நொடி ஓய்வு வந்ததும் மெஷின் நின்றுவிட்டதாக ஆயா முடிவு கட்டுகிறார். பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. அதற்குள் ஓய்வு முடிந்து தட்டு மறுபக்கம் சுழலத் தொடங்குகிறது. தட்டியதால்தான் ஓடியது என்ற அவருடைய முடிவை இதுவரை எந்தச் சோதனையாலும் மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஓடத்தான் செய்கிறது.